பில்சன் பீர் ஆலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செக் குடியரசுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பிராகில் மூன்று நாள் தங்கினால், நான்காவது நாளைப் பில்சன் நகருக்கு ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. பில்ஸ்னர் உர்க்வெல் பீர் அங்கேதான் காய்ச்சப்படுகிறது. ஆலையைச் சுற்றிப் பார்க்கும்போது கடைசியாக நிலவறையில் ஒரு கோப்பை தருவார்கள். அந்தக் கோப்பைக்காகத்தான் இந்தப் பயணம். ரயில், சாப்பாடு, முன்பதிவு எல்லாவற்றையும் அதை மனதில் வைத்தே திட்டமிடுங்கள்.

இந்த ஆலை ஏன் இவ்வளவு பெயர் பெற்றது?

இன்று உலகம் முழுக்கக் கண்ணாடிக் கோப்பையில் பொன்னிறமாகத் தெளிந்து நிற்கும் பீர் பிறந்த இடம் இது. அதற்கு முன்பு பில்சனில் காய்ச்சிய பீர் கலங்கலாக இருந்தது, சீக்கிரம் புளித்தும் போனது. 1838இல் 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் எதிரிலேயே ஊர்க்காரர்கள் கொட்டிக் கவிழ்த்தார்கள். பிறகு, பீர் காய்ச்சும் உரிமை பெற்றிருந்த நகரவாசிகள் சேர்ந்து பொதுவில் ஒரு புதிய ஆலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்ற காய்ச்சுநரை வரவழைத்தார்கள். அவர் 1842 அக்டோபர் 5ஆம் தேதி முதல் ஈடு காய்ச்சினார்.

நான்கு விஷயங்கள் அங்கே ஒன்றுகூடின. பில்சன் தண்ணீரில் உப்புச் சத்து மிகக் குறைவு. பக்கத்து ஜாதெட்ஸ் வட்டாரத்தில் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூ நல்ல மணத்தோடு விளைந்தது. மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, புகை படாமல், கருகாமல் வெளிர் நிறத்திலேயே உலர்த்தும் முறை அப்போது வந்திருந்தது. குளிரில் மெதுவாக நொதித்து அடியில் படியும் பவேரிய ஈஸ்ட்டும் கிடைத்தது. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பீர் வந்திருக்காது. உப்புச் சத்து மிகுந்த தண்ணீரில் இவ்வளவு ஹாப்ஸ் போட்டால் கசப்பு நாக்கில் முரட்டுத்தனமாக ஒட்டிக்கொள்ளும்.

டப்ளின், ஆம்ஸ்டர்டாம் ஆலைகளையும் சொல்கிறார்களே, எதற்குப் போவது?

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. டப்ளினில் கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் என்பது 1904இல் கட்டிய நொதிப்புக் கட்டடம். 2000ஆம் ஆண்டிலிருந்து காட்சியகமாக இயங்குகிறது. பீர் காய்ச்சும் வேலை அதே வளாகத்தில் வேறு கட்டடங்களில் நடக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஹைனகன் காட்டும் பழைய ஆலையில் 1988உடன் காய்ச்சுவது நின்றுவிட்டது. இரண்டும் நன்றாக அமைக்கப்பட்ட காட்சியகங்கள்தான், குடும்பத்தோடு போனால் பொழுது நன்றாகப் போகும். ஆனால் வேலை நடக்கும் ஆலை, செம்புக் கொப்பரை, ஈரமான நிலவறை, பீப்பாயில் நொதிக்கும் பீர் இவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் பில்சன்தான் சரி. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள்.

பிராகிலேயே பில்ஸ்னர் காட்சியகம் இருக்கிறதாமே? அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. முன்பதிவில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பிராக் நகர மையத்தில், வென்செஸ்லாஸ் சதுக்கத்தை ஒட்டி, அதே நிறுவனம் ஒரு காட்சியகம் நடத்துகிறது. ஒளி, ஒலி, படங்கள், கடைசியில் பீர் என்று அது முடியும். அங்கே காய்ச்சுவதும் இல்லை, நிலவறையும் இல்லை. இரண்டின் நுழைவுச்சீட்டும் இணையத்தில் ஒரே பெயரின் கீழ் வருவதால், பணம் கட்டும் முன் ஊர் பெயரைப் பாருங்கள். ‘பில்சன்’ என்றும் ‘ஆலைச் சுற்று’ என்றும் இருக்க வேண்டும்.

பிராகிலிருந்து எப்படிப் போவது?

ரயில்தான் எளிது. பிராக் தலைமை நிலையத்திலிருந்து நேரடி விரைவு ரயில்கள் அடிக்கடி உண்டு. மூனிக் போகும் ரயில்களும் பில்சன் வழியாகத்தான் போகின்றன. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். பில்சனுக்குச் சற்று முன் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் எய்போவிட்செ சுரங்கப்பாதை வரும். 2018இல் திறந்த அந்தச் சுரங்கத்தால்தான் பயண நேரம் குறைந்தது. அதைத் தாண்டியதும் பையை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இறங்க வேண்டியது பில்சன் தலைமை நிலையத்தில். செக் மொழியில் அது ‘ஹ்லாவ்னீ நாத்ராஜீ’. அங்கிருந்து ஆலை வாசலுக்குப் பத்து நிமிட நடைதான், டாக்சி வேண்டாம். செக் நாட்டில் ஒரே தடத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் ரயில் ஓட்டுகின்றன. ஒரு நிறுவனத்தின் சீட்டு இன்னொன்றின் ரயிலில் செல்லாமல் போகலாம். திரும்பும்போது முதலில் வந்த ரயிலில் தாவி ஏறாமல், சீட்டில் உள்ள நிறுவனத்தின் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

சுற்று தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலாவது பில்சனில் இறங்கும்படி ரயில் பிடியுங்கள். தண்டவாள வேலை காரணமாக ரயில் தாமதமாவது அங்கே சகஜம். குழு கிளம்பிவிட்டால் நடுவில் சேர முடியாது. வேலை நடக்கும் ஆலை என்பதால் வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது.

முன்பதிவு கட்டாயமா?

செக் மொழிச் சுற்றுக்கு நேரில் போனாலும் இடம் கிடைக்கலாம். ஆங்கிலச் சுற்று நாளில் குறிப்பிட்ட சில நேரங்களில் மட்டும்தான், கோடை வார இறுதிகளில் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் முதலில் ஆங்கிலச் சுற்றின் நேரத்தைப் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ப ரயில் சீட்டு எடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, மொழி புரியாத குழுவோடு ஒன்றே முக்கால் மணி நேரம் நடக்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில், முதல் ஈடு காய்ச்சிய நாளையொட்டி ஆலையில் பெரிய விழா நடக்கும். அமைதியாகச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது.

உள்ளே என்னென்ன காட்டுவார்கள்?

நுழையும்போதே 1892இல் எழுப்பிய இரட்டை வளைவு வாசலைப் பார்ப்பீர்கள். ஆலையின் ஐம்பதாம் ஆண்டு நினைவாகக் கட்டியது, பாட்டில் லேபிளில் அச்சாகியிருப்பதும் இதே வாசல்தான். பிறகு பேருந்தில் ஏற்றி பாட்டில் நிரப்பும் கூடத்துக்குக் கூட்டிப் போவார்கள். மணிக்கு 1,20,000 பாட்டில் வரை நிரப்பும் இயந்திரங்களை மேலிருந்து பார்க்கலாம். அங்கே ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து வருவது காய்ச்சும் கூடம். மால்ட்டை அரைத்து வெந்நீரில் கரைத்த கூழிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்து, தனியாகக் கொதிக்க வைத்து, மறுபடி அதே கூழில் சேர்க்கிறார்கள். சேர்த்ததும் மொத்தக் கூழின் சூடும் ஒரு படி ஏறும். இப்படி மூன்று முறை. வெப்பமானி இல்லாத காலத்தில் சூட்டைக் கட்டுப்படுத்தக் கண்டுபிடித்த வழி இது. இன்று பெரும்பாலான ஆலைகள் எரிபொருளும் நேரமும் மிச்சம் என்று இதைக் கைவிட்டுவிட்டன. பில்சனில் விடவில்லை. செம்புக் கொப்பரையின் அடியில் நேரடித் தீ படும்போது கூழில் உள்ள சர்க்கரை லேசாகக் கருகுகிறது. அந்தப் பீரின் நிறம் வெறும் வைக்கோல் மஞ்சளாக இல்லாமல் தேன் நிறம் காட்டுவதற்கும், கசப்புக்கு அடியில் ரொட்டி மேலோடு போன ஒரு சுவை இருப்பதற்கும் இதுதான் காரணம்.

மூலப்பொருள் காட்டும் இடத்தில் மால்ட்டில் நாலு தானியமணி எடுத்துக் கடித்துப் பாருங்கள். நிலவறையில் குடிக்கும்போது அந்தச் சுவையை அடையாளம் காண முடியும். ஹாப்ஸ் கிடைத்தால் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள், நாக்கில் வைக்காதீர்கள். கசப்பு நெடுநேரம் நிற்கும், அடுத்து வரும் பீரின் சுவை தெரியாமல் போய்விடும்.

கடைசியாக நிலவறை.

நிலவறை எவ்வளவு குளிரும்? என்ன உடுத்திப் போவது?

ஐந்து டிகிரி செல்சியஸ் சுமாருக்கு இருக்கும், வெளியே கோடையானாலும் பனிக்காலமானாலும் அதேதான். ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கையால் வெட்டிய சுரங்க வழிகள் அவை. குளிர்சாதன இயந்திரம் வருவதற்கு முன், பனிக்காலத்தில் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி வந்து இதற்குள் அடுக்கி ஆண்டு முழுக்கக் குளிரைக் காத்தார்கள். நீங்கள் நடப்பது அதில் ஒரு சிறு பகுதிதான்.

ஜூலை மாதத்தில் அரைக்கைச் சட்டையோடு வருகிறவர்கள் பத்தாவது நிமிடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு எப்போது வெளியேறலாம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். முழுக்கைக் கம்பளிச் சட்டையோ மேலங்கியோ கட்டாயம் வேண்டும். தரை கல் பாவியது, எப்போதும் ஈரமாகவே இருக்கும். செருப்பும் வழவழப்பான அடிப்பாகம் கொண்ட காலணியும் வழுக்கும், ரப்பர் அடியுள்ள ஷூ போடுங்கள். படியேற முடியாதவர்களோ சக்கர நாற்காலியில் வருகிறவர்களோ குழுவில் இருந்தால் முன்பதிவின்போதே ஆலைக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

நிலவறையில் தரும் பீர் கடையில் கிடைக்கும் அதே பீர்தானா?

காய்ச்சுவது அதே முறையில்தான், முடிக்கும் விதம் வேறு. கடைக்குப் போகும் பீர் பெரிய எஃகுத் தொட்டிகளில் நொதித்து முதிர்கிறது. பிறகு வடிகட்டி, கெடாமல் இருக்கச் சூடேற்றி பாட்டிலில் அடைக்கிறார்கள். நிலவறையில் ஒரு சிறு பகுதியை இன்றும் பழைய முறையிலேயே செய்கிறார்கள். திறந்த ஓக் மரத் தொட்டிகளில் நொதிக்க விட்டு, படுக்க வைத்த பெரிய ஓக் பீப்பாய்களில் முதிர வைக்கிறார்கள். எஃகுத் தொட்டிப் பீரோடு இதை ஒப்பிட்டுச் சுவைத்து, சுவை மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு. உங்களுக்குத் தருவது அந்தப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்த பீர். வடிகட்டவில்லை, சூடேற்றவும் இல்லை.

அதனால் லேசாக மங்கலாக இருக்கும். அது உயிருள்ள ஈஸ்ட், கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. கசப்பு கடைப் பீரைவிட மென்மையாகவும் உருண்டையாகவும் தோன்றும். மெல்லிய வெண்ணெய் மணம் வந்தாலும் பயப்பட வேண்டாம். நொதிக்கும்போது இயல்பாக உருவாகும் பொருள் அது, இந்தப் பீரில் சிறிதளவு எப்போதும் இருக்கும். மரப் பீப்பாய் என்றதும் ஓக் மணத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. அது இருக்காது, இருக்கவும் கூடாது. பீப்பாயின் உட்புறம் முழுக்க மரப்பிசின் பூசியிருப்பதால் பீர் மரத்தைத் தொடுவதே இல்லை. பிசின் பூசவும் பலகை மாற்றவும் ஆலையில் பீப்பாய்த் தச்சர்கள் இன்றும் வேலை செய்கிறார்கள்.

குடிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கோப்பையை வாங்கியதும் படம் எடுத்துக்கொண்டே நிற்காதீர்கள், நுரை அடங்கிவிடும். அதே சமயம் ஐந்து டிகிரியில் மூக்குக்கு மணம் எட்டாது. முதல் வாயைச் சிறிதாகச் சப்பாமல் நன்றாக ஒரு மிடறு விழுங்குங்கள். இந்தப் பீரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுதாகத் தெரியும். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் இரண்டு நிமிடம் பொத்திப் பிடித்துவிட்டு மறுபடி முகருங்கள். புல், பூ, ரொட்டி என்று ஒவ்வொன்றாகப் பிரியும். உதட்டுத் தைலம் பூசியிருந்தால் அதற்கு முன் துடைத்துவிடுங்கள், எண்ணெய் பட்டால் நுரை உடைந்துவிடும். காரமான சிப்ஸ், புதினா மிட்டாய் இரண்டையும் சுற்று தொடங்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

அந்தப் பீரை வாங்கி எடுத்து வர முடியுமா?

முடியாது. வடிகட்டாத, சூடேற்றாத பீர் குளிர் விட்டால் சில நாளில் மாறிவிடும். அதற்கு ஓரளவு நெருங்கியது ‘டாங்க்’ பீர். சூடேற்றாத பீரை ஆலையிலிருந்து குளிர்ந்த தொட்டிகளில் நிரப்பி நேரடியாக உணவகங்களுக்கு அனுப்புகிறார்கள். பிராகிலும் ‘டாங்கோவ்னா’ என்று பலகை போட்ட கடைகளில் கிடைக்கும். ஆனால் அது வடிகட்டியது.

கோப்பையில் பாதி நுரையாக ஊற்றுகிறார்களே, ஏமாற்றுகிறார்களா?

இல்லை. செக் நாட்டில் நுரை பீரின் ஒரு பகுதி. ஈரமான, கெட்டியான நுரை காற்றைத் தடுத்து மணத்தைக் காக்கிறது, கசப்பையும் மென்மையாக்குகிறது. ஊற்றுகிறவர் குளிர்ந்த நீரில் கோப்பையை அலசி, முதலில் நுரையைப் பிடித்து, குழாய் முனையை அந்த நுரைக்குள் அமிழ்த்தி அடியில் பீரை நிரப்புவார். மூன்று விதமாகக் கேட்கலாம். ‘ஹ்லதின்கா’ என்பது வழக்கமான ஊற்று, மேலே மூன்று விரல் நுரை. ‘ஷ்னிட்’ என்றால் இரண்டு விரல் பீர், மூன்று விரல் நுரை, மேலே ஒரு விரல் வெற்றிடம். நிறைய குடிக்க விரும்பாதபோது கேட்பார்கள். ‘ம்லீகோ’ ஏறக்குறைய முழுக்க நுரை, பால் போல வெள்ளையாக வரும். இனிப்பாக இருக்கும், ஆற விடாமல் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். வைத்துக் குடித்தால் நுரை கரைந்து, அடியில் கொஞ்சம் தட்டையான பீர்தான் மிஞ்சும்.

பட்டியலில் 10, 12 என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு சதவீத ஆல்கஹாலா?

அல்ல. நொதிப்பதற்கு முன் 100 கிராம் சாறில் கரைந்திருந்த சத்து எத்தனை கிராம் என்பதைச் சொல்லும் எண் அது. 12 என்றால் ஆல்கஹால் ஏறத்தாழ 4.5 முதல் 5 சதவீதம். பில்ஸ்னர் உர்க்வெல் இந்தக் கணக்கில் 12ஐ ஒட்டி வரும், ஆல்கஹால் 4.4 சதவீதம்தான்.

ஆலைக்குள்ளேயே சாப்பிடலாமா? சைவம் கிடைக்குமா?

பழைய நொதிப்பு நிலவறையை மாற்றியமைத்த ‘நா ஸ்பில்ட்செ’ என்ற பெரிய உணவகம் வளாகத்திலேயே இருக்கிறது. மாட்டிறைச்சிக் குழம்பு, பன்றி இறைச்சி, அவற்றோடு மாவுக் கொழுக்கட்டை போன்ற ‘க்னெட்லீகி’ ஆகியவைதான் பிரதானம். சைவர்களுக்கு ரொட்டித் தூளில் பொரித்த பாலாடைக்கட்டியான ‘ஸ்மஜெனீ சீர்’ எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கு அடையான ‘ப்ரம்போராக்’ பார்க்கச் சைவம் போலத் தெரிந்தாலும் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் சுடுவார்கள். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். இரண்டுக்கும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சுற்றுக்கு முன் லேசாகச் சாப்பிட்டுவிட்டு, முடிந்த பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவதுதான் நல்ல வரிசை. வெறும் வயிற்றில் ஒன்றரை மணி நேரம் நடந்தபின் குடிக்கும் பீர் சட்டென்று தலைக்கேறும்.

கேட்காமலே அடுத்த கோப்பை வந்துவிடுகிறது, எப்படி நிறுத்துவது?

பழைய பாணிக் கடைகளில் கோப்பை காலியானதும் அடுத்ததை வைத்துவிட்டு, மேசைமீது உள்ள தாளில் ஒரு கோடு போடுவார்கள். போதும் என்றால் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்துக் கோப்பைமீது மூடி வையுங்கள், புரிந்துகொள்வார்கள். கணக்கு முடிக்க ‘ஸப்லாதீம்’ என்றால் போதும். கோடு போட்ட தாளைக் கிறுக்கவோ கிழிக்கவோ கூடாது, அதுதான் உங்கள் ரசீது. பத்து சதவீதம் வரை டிப்ஸ் சேர்த்து முழு எண்ணாக்கிக் கொடுப்பது வழக்கம். பணத்தைத் தரும்போதே மொத்தம் எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

குடிக்காதவர்கள், குழந்தைகள் வரலாமா?

சுற்றில் வரலாம். பீர் மட்டும் 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான், இளமையாகத் தெரிகிறவர்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். உணவகத்தில் ஆல்கஹால் இல்லாத ‘பிரெல்’ பீரும், செக் நாட்டின் மூலிகைக் கோலாவான ‘கோஃபோலா’வும் கேட்டால் கிடைக்கும். சிறு குழந்தைகளுக்குக் குளிரும் நடையும் அதிகம்.

வாடகைக் காரில் போகலாமா?

ஓட்டுகிறவர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. செக் நாட்டில் வாகனம் ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ‘சின்னக் கோப்பைதானே’ என்ற பேச்சு எடுபடாது. 4.4 சதவீதப் பீர் அரை லிட்டரில் ஏறத்தாழ 17 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. சராசரி உடல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். ஒரு கோப்பை முழுதாக வெளியேற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காப்பி குடிப்பதும் குளிர்ந்த காற்றில் நடப்பதும் அந்தக் கணக்கை மாற்றாது. ரயிலில் போங்கள்.

யூரோ செல்லுமா?

அந்நாட்டு நாணயம் கொருனா. அட்டை பெரும்பாலும் எல்லா இடத்திலும் செல்லும். இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்திலா, கொருனாவிலா’ என்று கேட்டால் எப்போதும் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தொட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போதும் இதே கேள்வி வரும், பதிலும் அதேதான். சிறு கடைகளுக்கும் கழிப்பறைகளுக்கும் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

பாட்டில் பீர் வாங்கிப் பெட்டியில் எடுத்து வருவது எப்படி?

ஆல்கஹால் 24 சதவீதத்துக்குக் கீழ் என்பதால் விமானத்தில் சரக்குப் பெட்டியில் பீர் வைக்கத் தடை இல்லை, பெட்டி எடைதான் எல்லை. உங்கள் நாட்டுச் சுங்கம் எத்தனை லிட்டர் அனுமதிக்கிறது என்று வாங்கும் முன் பாருங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் பல விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள்.

கண்ணாடியைவிட அலுமினிய கேன் நல்லது. அரை லிட்டர் கேன் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம், அதே அளவுக் கண்ணாடி பாட்டில் முக்கால் கிலோவைத் தாண்டும். கேனுக்குள் வெளிச்சமும் புகாது. வெயில் பட்ட பச்சை பாட்டிலில் ஹாப்ஸ் சத்து சிதைந்து கந்தக நாற்றம் வரும், கடை ஜன்னலோரம் அடுக்கி வைத்த பாட்டிலை வாங்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் முடிச்சிட்டு, கனமான துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்திலும் சக்கரத்தின் பக்கத்திலும் வைத்தால்தான் உடைகிறது, காற்றழுத்தத்தால் அல்ல. பெட்டியின் பக்கச்சுவருக்கும் பாட்டிலுக்கும் இடையில் எல்லாத் திசையிலும் ஒரு கை அகலத்துக்குத் துணி இருக்க வேண்டும்.

ஆலை முடிந்து இன்னும் நேரம் இருந்தால்?

நகர மையம் ஆலையிலிருந்து கால் மணி நேர நடை. வெலெஸ்லாவீனோவா தெருவில் பீர் அருங்காட்சியகமும், அதே இடத்திலிருந்து தொடங்கும் பழைய நகரச் சுரங்கங்களும் இருக்கின்றன. சுரங்கத்தில் தலைக்கவசம் மாட்டி அழைத்துப் போவார்கள், அங்கேயும் மேலங்கி வேண்டும். புனித பர்த்தலோமியு பேராலயத்தின் கோபுரம் நூறு மீட்டருக்கும் உயரம், செக் நாட்டுத் தேவாலயக் கோபுரங்களில் அதுதான் உயரமானது. அதில் ஏறுவதாக இருந்தால் ஆலைக்குப் போகும் முன்பே ஏறிவிடுங்கள். படிகள் செங்குத்தானவை, பீர் குடித்துவிட்டு ஏறத் தகுந்தவை அல்ல.